எரிகுவியலும் உண்டியலும்

வட அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில், ஓரிகன், வாஷிங்டன் ஆகிய மாநிலங்களின் மலைக்காடுகளில், வானளாவ நிற்கும் டக்ளஸ் ஃபிர் மரங்களின் நிழலில் 'யூ' என்றொரு மரம் வளர்கிறது. வளர்ச்சி மிக மெது. தண்டு நேராக எழாமல் முறுக்கிக்கொண்டு போகும். அந்நாட்டுப் பூர்வ குடிகள் அதன் உறுதியை அறிந்து வில்லும் துடுப்பும் செய்து வந்தனர். ஆனால் இருபதாம் நூற்றாண்டில் அந்த மலைச்சரிவுகளை ஒட்ட வெட்டிச் சென்ற மர வணிகர்களுக்கு அது ஓர் இடைஞ்சல். அறுவைக்கு ஆகும் நெடுமரங்களை இழுத்துச் சென்ற பிறகு கிளை, தூர், நொறுங்கிய கட்டை, கோணல் மரம் எல்லாவற்றையும் குவித்துத் தீயிடுவது வழக்கம். புதிய நாற்று நட இடம் வேண்டுமல்லவா? அந்த எரிகுவியலே யூ மரத்தின் முடிவாக இருந்தது. வனத்துறையினர் பேச்சில் அதற்குக் 'குப்பை மரம்' என்று பெயர்.

இதே இனத்து மரம் ஒன்றுக்கு இங்கிலாந்தில் வேறொரு வாழ்வு உண்டு. அங்கே பழைய பங்குக் கோவில்களின் கல்லறைத் தோட்டங்களில் யூ மரங்கள் நிற்கின்றன. சில, தாம் நிழல் தரும் கோவிலினும் மூத்தவை எனக் கருதப்படுகின்றன. இலையும் விதையும் நஞ்சு. ஆடுமாடு மேய்ந்தால் மடியும். இலை உதிராமல் என்றும் பசுமையாக இருப்பதால் உயிர்ப்பின் அடையாளமாகவும் அதை மக்கள் கண்டனர். நம் ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் அந்த இடத்தில் இருப்பது நித்தியகல்யாணி. யாரும் நட்டு நீர் வார்க்காமலே கல்லறைகளின் இடுக்கில் வெள்ளையும் ஊதாவுமாய்ப் பூத்து நிற்கும்; சுடுகாட்டுப் பூ என்றும் சொல்வதுண்டு. நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளுக்காகத் துப்புரவு செய்யும்போது களையோடு களையாகப் பிடுங்கி எறியப்படுவதும் உண்டு. இறந்தோரின் அருகில் வளரும் இவ்விரண்டும் நம் காலத்து மருத்துவ வரலாற்றில் அடுத்தடுத்து இடம்பெற்றன. அவ்வரலாற்றில் ஏழைகளின் உண்டியல் காசுக்கும் பங்கு உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

1947ஆம் ஆண்டு பாஸ்டன் நகரின் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்பவர் நோய்க்குறியியல் மருத்துவராக இருந்தார். பெரும்பாலும் இறந்த குழந்தைகளின் உடலைக் கூறு செய்து நோயின் காரணம் காண்பது அவருடைய பணி. இரத்தப் புற்றுநோய் என்றால் அன்று சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் மரணம். மருத்துவர்கள் வலியைத் தணித்து, பெற்றோரைத் தேற்றி, அமைதியாக விடைகொடுப்பதையே கடமையாகக் கொண்டனர். அவர்களை இரக்கமற்றவர்கள் என்று சொல்ல மாட்டோம். அவர்கள் அறிந்த அளவில் அதுவே இரக்கம். ஃபார்பர் அதை ஏற்கவில்லை. உயிரணுக்கள் பெருகுவதற்கு ஃபோலிக் அமிலம் தேவை என்பது தெரிந்திருந்தது. அதைப் போலவே தோற்றங்காட்டி அதன் வேலையைத் தடுக்கும் பொருள் ஒன்று கிடைத்தால் நோயணுக்கள் பட்டினி கிடக்குமே என்று எண்ணினார்.

அப்பொருளை அவருக்கு ஆக்கித் தந்த ஆய்வுக்கூடத்தை நடத்தியவர் சென்னையில் படித்த ஒருவர். எல்லாப்பிரகடா சுப்பாராவ் ஆந்திரத்துப் பீமாவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தி அறுவைக்கூடத்துக்குப் போனதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளானார். முழுப் பட்டத்துக்குப் பதில் தாழ்ந்த பட்டமே அவருக்குக் கிடைத்தது. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் சிறிது காலம் கற்பித்துவிட்டு அமெரிக்கா சென்றார். பின்னர் லெடர்லே நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் அவருடைய குழுவினர் ஃபோலிக் அமிலத்தையும், அதன் எதிரியான அமினோப்டெரினையும் ஆக்கினர். தாழ்ந்த பட்டத்தோடு சென்னையை விட்டுப் போனவரின் பெயர் இன்றும் நம் இளைஞர் பலருக்குத் தெரியாது. கிரிக்கெட் வீரர்களின் ஓட்டக் கணக்கை ஒப்பிக்கும் நம் மறைக்கல்வி மாணவர்களிடம் அதைச் சொல்லிவைப்பது நல்லது.

1948 ஜூனில் ஃபார்பர் தம் முடிவுகளை வெளியிட்டார். மருந்து பெற்ற 16 குழந்தைகளுள் 10 பேருக்கு நோய் தணிந்தது. எழ முடியாமல் கிடந்தவர்கள் எழுந்து விளையாடினார்கள். ஆனால் அது தற்காலிகத் தணிவே, நோய் திரும்பியது. அந்த முதற் குழந்தைகளின் உடலைக் கொண்டுதான் பின்வந்தவர்களுக்கான வழி கண்டறியப்பட்டது. இதை எழுதும்போது நமக்கு மனம் கனக்கிறது. அந்தப் பெற்றோர் எதை நம்பிச் சம்மதித்தார்கள்? ஊசியின் வலியோடு கூட்டித் தரப்பட்ட சில வாரங்கள் அக்குழந்தைகளுக்கு வரமா, சுமையா? ஃபார்பரைப் புகழ்வோரும் இக்கேள்வியைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

ஆய்வுக்குப் பணம் வேண்டியிருந்தது. திரையரங்குக் கலைஞர்களும் உரிமையாளர்களும் சேர்ந்த ஒரு சங்கம் நிதி ஒன்றைத் தொடங்கியது. 1948 மே 22ஆம் நாள் வானொலியில், மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த ஒரு சிறுவனை நாடே கேட்டது. தன் பெயர் வெளியே தெரியாதிருக்க அவன் 'ஜிம்மி' எனப்பட்டான். பேஸ்பால் வீரர்கள் அவனுடைய அறைக்குள் வந்து அவனோடு பேசினார்கள். ஆட்டத்தைப் பார்க்க அவனுக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வாங்கித்தர 20,000 டாலர் திரட்டுவதே அறிவிப்பு. அவ்வாண்டு வந்து சேர்ந்ததோ 2,31,000 டாலருக்கும் மேல். திரையரங்குகளில் கைமாறிச் சென்ற உண்டியல்களில் சிறு காசுகள் விழுந்தன. ஜிம்மிக்கு வயிற்றில் வந்தது வேறு வகைப் புற்றுநோய். அவன் இறந்திருப்பான் என்றே பலரும் எண்ணியிருக்க, 1998இல் அறுபது வயதைக் கடந்த ஒரு முதியவராக அவர் வெளிப்பட்டார், 2001இல் காலமானார்.

கத்தோலிக்கர்களுக்கு இன்னும் நெருக்கமான கதை மெம்பிஸ் நகரத்தினுடையது. டானி தாமஸ் என்ற நகைச்சுவை நடிகர் லெபனானிலிருந்து குடிபெயர்ந்த மாரோனைட் கத்தோலிக்கக் குடும்பத்தில் 1912இல் பிறந்தவர். பிழைப்பு நிலையில்லாதிருந்த இளமைக் காலத்தில் டெட்ராய்ட் நகரக் கோவிலொன்றில் கையிலிருந்த கடைசி ஏழு டாலரைக் காணிக்கைத் தட்டில் போட்டுவிட்டதாகவும், மறுநாளே அதைப் போலப் பத்து மடங்கு ஊதியம் தரும் வேலை வந்ததாகவும் பிற்காலத்தில் சொல்லிவந்தார். இத்தகைய கதைகளைப் பிரசங்கத்தில் எடுத்தாள நாம் தயங்குவோம். கடவுளோடு வட்டிக் கணக்குப் பார்க்கும் மனப்பான்மையை அவை வளர்த்துவிடக் கூடும். ஆனால் அடுத்து நடந்தது வேறு வகை. கைவிடப்பட்ட காரியங்களின் பாதுகாவலரான புனித யூதா ததேயுவிடம், என் வழியைக் காட்டினால் உமக்கு ஓர் ஆலயம் எழுப்புவேன் என்று அவர் நேர்ந்துகொண்டார். யூதாசு இஸ்காரியோத்தின் பெயரோடு ஒத்த பெயர் கொண்டதால் பக்தர்கள் நெடுங்காலம் நெருங்காதிருந்த அப்போஸ்தலர் இவர் என்பது மரபு. பேரும் புகழும் வந்தபின் நேர்ச்சையை நினைத்துத் தாமஸ் ஆலோசனை கேட்டபோது, சிறுவயதில் அவருக்கு உறுதிப்பூசுதல் அளித்தவரும் அப்போது சிகாகோ பேராயராக இருந்தவருமான கர்தினால் ஸ்டிரிட்ச், தாம் இளங்குருவாகப் பணியாற்றிய மெம்பிஸைக் காட்டினார். ஆலயம் மருத்துவமனையாயிற்று.

அக்கால மெம்பிஸ் பருத்திக்கும் கடின மர வணிகத்துக்கும் பெயர்பெற்ற நகரம். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேசையில் உண்ண இயலாத நகரமும்கூட. அங்கே எல்லா இனத்துக் குழந்தைகளையும் ஒரே கூடத்தில் வைத்து, பெற்றோரிடம் கட்டணம் கேட்காமல் மருத்துவம் பார்ப்பது என்பதைத் தொடக்கத்திலேயே கொள்கையாக வகுத்தனர். பணத்திற்கு வழி? 1957இல் தாமஸ் லெபனான், சிரியா வழிவந்த குடியேறிகளைத் திரட்டி நிதிச் சங்கம் ஒன்றை நிறுவினார். பிழைக்க வந்த மண்ணுக்கு நன்றி சொல்லும் முறை இது என்பது அவர் வாதம். துணி வணிகரும் மளிகைக் கடைக்காரரும் தம் பங்கைத் தந்தனர். 1962 பிப்ரவரி 4ஆம் நாள் புனித யூதா மருத்துவமனை திறக்கப்பட்டது.

முதல் இயக்குநர் டானல்ட் பிங்கல் அப்போது 35 வயது இளைஞர். குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயில் பிழைப்போர் நூற்றுக்கு நான்கு பேர் என்றிருந்த காலம். தணிவு போதாது, குணமே குறிக்கோள் என்றார் அவர். ஒரு மருந்து தோற்றால் அடுத்தது என்றில்லாமல் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது, மூளையிலும் தண்டுவடத்திலும் ஒளிந்துகொள்ளும் நோயணுக்களைத் தனியே தாக்குவது, பிறகும் இரண்டு மூன்று ஆண்டுகள் விடாமல் மருந்தளிப்பது என்பது அவருடைய முறை. 1960களின் இறுதியில் தொடங்கிய ஐந்தாம் ஆய்வில் ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் பிழைத்தனர். இன்று வசதியுள்ள நாடுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பிழைக்கின்றனர். தலைக்குக் கொடுத்த கதிர்வீச்சு அக்குழந்தைகளின் வளர்ச்சியையும் அறிவையும் பாதித்ததை அறிந்து, பிற்காலத்தில் அதைப் படிப்படியாகக் கைவிட்டனர்.

அந்தக் கூட்டு மருந்துகளுள் ஒன்று நம் கல்லறைத் தோட்டத்துச் செடி தந்தது. நித்தியகல்யாணியின் தாயகம் மடகாஸ்கர். ஜமைக்காவில் அதன் இலைச்சாறு நீரிழிவுக்கு மருந்தாகக் குடிக்கப்பட்டு வந்தது. 1952இல் அங்கிருந்த மருத்துவர் ஒருவர் 25 இலைகளை உறையிலிட்டுக் கனடாவுக்கு அனுப்பினார். ராபர்ட் நோபிளும் சார்ல்ஸ் பீரும் சோதித்தபோது சர்க்கரை இறங்கவில்லை. எலிகளின் இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்தன. வேறொருவராயிருந்தால் பயனில்லை என்று குப்பையில் போட்டிருப்பார். அவர்கள் போடவில்லை. அந்த வழியில் வந்த வின்கிறிஸ்டின் 1963இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்றது. இன்றும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு அது இன்றியமையாதது. (இதைப் படித்துவிட்டு இலையைப் பறித்து மென்று பார்ப்பவர் நம்மிடையே இருக்கக்கூடும். வேண்டாம், அது நஞ்சு. இலையிலிருந்து பிரித்தெடுக்கப்படும் மருந்தின் அளவு மிக மிகச் சிறிது. மருத்துவர் கையில்தான் அது மருந்து.)

யூ மரத்துக்கு மீள்வோம். மெம்பிஸில் மருத்துவமனை திறந்த அதே 1962இல், ஆகஸ்டு மாதம், அமெரிக்க வேளாண் துறையின் தாவரவியலார் ஆர்தர் பார்க்லே வாஷிங்டன் மாநிலக் காடொன்றில் யூ மரப்பட்டையை உரித்துப் பையிலிட்டார். (அக்டோபரில் உரோமையில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தொடங்கியது. வரலாற்று நூல்களில் இம்மூன்றும் ஒரே பக்கத்தில் வருவதில்லை.) ஆயிரக்கணக்கான செடிகளைக் கண்மூடித்தனமாகச் சேகரித்துப் புற்றுநோய்க்கு எதிராகச் சோதிக்கும் அரசுத் திட்டத்தில் அதுவும் ஒன்று. வட கரோலினாவில் மன்றோ வால், நம் நாட்டில் பிறந்து பம்பாயில் பயின்ற மன்சுக் வானி ஆகிய இருவரும் பட்டையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, டாக்சால் எனப் பெயரிட்டு, 1971இல் அதன் அமைப்பை வெளியிட்டனர். ஆர்வம் காட்டியவர் சிலரே. நீரில் கரையாத பொருள், கிடைப்பதோ அரிது. 1979இல் நியூயார்க்கில் சூசன் ஹார்விட்ஸ் அது வேலை செய்யும் முறையைக் கண்டபோதுதான் அறிஞர்கள் நிமிர்ந்து பார்த்தனர். உயிரணு ஒன்று இரண்டாகப் பிரிய, உள்ளே நுண்குழல்களால் ஒரு சாரம் கட்டப்பட்டு, வேலை முடிந்ததும் பிரிக்கப்பட வேண்டும். நித்தியகல்யாணியின் மருந்து சாரத்தைக் கட்டவே விடாது. யூ மரத்தின் மருந்து கட்டிய சாரத்தைப் பிரிக்க விடாது. இரண்டிலும் நோயணு பெருக முடியாமல் மடிகிறது.

1989இல், வேறு மருந்துக்கு மசியாத சூலகப் புற்றுநோயில் டாக்சால் பயன் தருவது தெரியவந்தது. பெரும்பாலும் தாய்மார்களைக் காக்கும் மருந்து இது. குழந்தைகளுக்கு இதன் உதவி குறைவே. 1992 டிசம்பரில் ஒப்புதல் கிடைத்தது. அதற்குள் எரிகுவியலில் வெந்த மரத்தை எல்லாரும் தேடத் தொடங்கியிருந்தனர். ஒரு கிலோ மருந்துக்கு ஏறத்தாழ 10,000 கிலோ பட்டை வேண்டும். பட்டை உரித்தால் மரம் சாகும். நூறாண்டு வளர்ந்த மரங்கள் உரிக்கப்பட்டன. திருட்டு வெட்டும் நடந்தது. பழங்காட்டை நம்பி வாழும் புள்ளி ஆந்தையைக் காக்க 1990இல் அரசு ஆணையிட்டிருந்த வேளை அது. காடா, நோயாளியா என்ற வழக்கு மூண்டது. 1992இல் யூ மரத்துக்கென்றே அமெரிக்கப் பேரவை ஒரு சட்டம் இயற்ற நேர்ந்தது. குப்பை என்றபோது எரித்தார்கள்; மருந்து என்றபோது உரித்தார்கள்.

இந்த இடத்தில் நமக்குப் பழகிப்போன ஒரு மறையுரைக் கருத்தை ஐயத்தோடு பார்க்க வேண்டியிருக்கிறது. 'எதுவும் வீண் அல்ல. எல்லாவற்றிலும் ஒரு பயன் உண்டு' என்கிறோம். மரத்தைப் பொறுத்தவரை அது சரியாகவே இருக்கலாம். ஆனால் குழந்தைகள் மருத்துவமனைக்கு உண்டியல் குலுக்கும்போது அதே வாய்பாட்டைச் சொன்னால் பிழையாகிவிடும். பயன் கண்டபின் மதிப்பது சந்தையின் முறை. 1948இல் பாஸ்டனில் மருந்து பெற்றும் பிழைக்காத குழந்தைகள் யாருக்கும் பயன்பட்டிராவிட்டாலும், ஆய்வேட்டில் ஓர் எண்ணாகக்கூட இடம்பெறாவிட்டாலும், அவர்களின் மதிப்பில் அணுவளவும் குறைவில்லை. ஐயாயிரம் பேர் உண்டபின் எஞ்சிய துண்டுகளைச் சேர்க்கும்படி ஆண்டவர் சீடரிடம் சொன்னதை யோவான் எழுதுகிறார். அத்துண்டுகள் பிறகு எதற்குப் பயன்பட்டன என்று அவர் எழுதவில்லை. லேவியர் நூலும் வயலின் ஓரத்துக் கதிரை அறுக்காமல் விடச் சொல்லும்போது, பொறுக்க வரும் ஏழை தகுதியுள்ளவரா என்று பார்க்கச் சொல்லவில்லை. ஜிம்மி பிழைத்தது நமக்கு மகிழ்ச்சி. பிழைத்த ஜிம்மியின் படத்தைக் காட்டினால்தான் உண்டியல் நிறையும் என்பது நம் இரக்கத்தின் குறை.

யூ மரத்தின் வழக்கு ஒருவாறு தீர்ந்தது, தீர்த்ததும் கழிவுதான். பிரான்சு நாட்டில் பியேர் போத்தியே என்பவரின் ஆய்வு நிலைய வளாகத்தில் சாலை அமைக்க யூ மரங்கள் சில வெட்டப்பட்டன. அவர் அவற்றைச் சோதித்தபோது, இலையில் டாக்சாலுக்கு மிக நெருங்கிய பொருள் ஒன்று இருப்பது தெரிந்தது. இலையைப் பறித்தால் மரம் சாகாது, மீண்டும் தழைக்கும். அதிலிருந்து மருந்தை முடித்தெடுக்கும் எளிய வழியை அமெரிக்காவில் ராபர்ட் ஹோல்டன் கண்டார். காட்டு மரத்தின் பட்டையை உரிக்கும் தேவை 1990களின் நடுப்பகுதியோடு நின்றது. பின்னர் யூ மரத்தின் உயிரணுக்களைத் தொட்டியில் வளர்த்தும் மருந்து எடுத்தனர். போத்தியே நித்தியகல்யாணியிலிருந்தும் வினோரெல்பின் என்ற இன்னொரு மருந்தை ஆக்கினார். இங்கிலாந்தில் வேலியாக வளர்த்த யூ மரங்களைக் கோடையில் கத்தரித்து, முன்பு எரித்துவந்த தழையை, மருந்தாக்குவோருக்குச் சேகரித்துக் கொடுக்கும் வழக்கமும் பல தோட்டங்களில் உண்டாயிற்று.

குழந்தைகளின் வழக்கு அப்படித் தீரவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 4,00,000 குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் புற்றுநோய் வருகிறது. செல்வ நாடுகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் பிழைக்க, ஏழை நாடுகளில் முப்பது பேர்கூடப் பிழைப்பதில்லை. 2018இல் அந்நிறுவனமும் மெம்பிஸ் மருத்துவமனையும் சேர்ந்து, 2030க்குள் உலகெங்கும் அறுபது பேரையாவது பிழைக்கச் செய்வது என்ற இலக்கை அறிவித்தன. மருந்து கிடைக்காதது ஒரு காரணம். நோயைக் காலத்தில் அறியாதது இன்னொன்று. மூன்றாவது காரணம் நம் நாட்டில் மிகப் பெரிது. மருத்துவம் தொடங்கிய பிறகு பாதியில் நிறுத்திவிட்டு ஊர் திரும்புதல். இரண்டு மூன்று ஆண்டு மருத்துவத்துக்குப் பட்டணத்தில் தங்க இடமில்லை. தந்தைக்கு அன்றாடக் கூலி போகிறது. ஊரில் மற்றப் பிள்ளைகள் யாரிடம்? இத்தகைய தாய் தகப்பனைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

மும்பையில் புற்றுநோய் மருத்துவமனைக்கு வந்த குடும்பங்கள் நடைபாதையில் படுத்துறங்கி, அங்கேயே சமைத்து உண்டு வந்தன. வெள்ளணுக்கள் குறைந்த குழந்தைக்கு நடைபாதைத் தூசியே போதும், வேறு நோய் வேண்டாம். 2006இல் அந்நகரில் இத்தகைய குடும்பங்களுக்காகப் புனித யூதாவின் பெயரிலேயே இலவச இல்லங்கள் தொடங்கப்பட்டன. இன்று சென்னை உட்படப் பல நகரங்களில் அவை இயங்குகின்றன. மருந்து கண்டுபிடிப்பது அவர்கள் வேலையன்று. குழந்தைக்கும் பெற்றோருக்கும் துப்புரவான தங்குமிடம், மருத்துவமனைக்குப் போய்வர வண்டி வசதி, பொதுச் சமையலறையில் தாய் தன் ஊர்ச் சுவையிலேயே கஞ்சி வைத்துக்கொள்ள ஓர் அடுப்பு.